ஆட்டோவிலும் ஜெபம் பண்ணலாம்

எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வருகிற வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று கொடுப்பார்கள். வாங்கியதும் முதல் வேலை அதைப் படிப்பது, அடுத்த வேலை பக்கத்தில் நிற்பவருடையதை எட்டிப் பார்ப்பது. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" வந்தவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். பெண்ணுக்கு வரன் தேடுகிறவர், பையனுக்கு வேலை தேடுகிறவர், வீட்டைப் பாதி கட்டி நிறுத்தியிருக்கிறவர், எல்லோரும் அந்த வசனத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார்கள். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று அச்சடித்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. அதுவும் ஆண்டவர் வாயிலிருந்து வந்த வாக்குதான். அடுத்த வரியிலேயே "ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்று இருக்கிறது. ஆனால் முதல் பாதியை யார் புத்தாண்டு அன்றைக்குக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்?

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அத்தைக்கு வந்தது அந்த வால், தலை வசனம்தான். அத்தை என்றால் என் மாமியார். அட்டையைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பிப்ரவரியில் பக்கவாதம் வந்துவிட்டது.

"ஜெயமுள்ள வாழ்க்கை" என்ற தலைப்பில் எழுப்புதல் கூட்டங்களில் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ரோமர் 8:37 இல்லாமல் அந்தப் பிரசங்கம் இருக்காது. "இவையெல்லாவற்றிலேயும் நாம் நம்மில் அன்புகூருகிறவராலே முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே." கேட்கவே தெம்பாக இருக்கும். இவையெல்லாம் என்றால் எவை என்று பார்க்க இரண்டு வசனம் மேலே போக வேண்டும். உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம். இந்தப் பட்டியலிலிருந்து தப்பித்து வெளியே வந்த பிறகு ஜெயம் என்று பவுல் எழுதவில்லை. உள்ளே கிடக்கும்போதே ஜெயம் என்கிறார். இதை நான் பிரசங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்ட அந்தச் சில வருஷங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. நான் வேதபாடம் படித்தவள் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டில் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அந்த அளவில் இதைப் படியுங்கள்.

விடியற்காலையில் எழும்பிப் பால் பாக்கெட் எடுக்கப் போவது எங்கள் வீட்டில் அத்தைதான். அன்றைக்கு எழும்பவில்லை. போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வலது கை துவண்டு கிடக்கிறது, பேச வாயெடுத்தால் முனகல்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" தூக்கத்தில் வந்தது, எங்களுக்கு எப்படித் தெரியும்? மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம். ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாதவர்களுக்குப் போடத் தயங்குவார்கள். அத்தைக்குப் போடவில்லை.

அதனால் விசுவாசிகளுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் காரியம் இதுதான். வாய் கோணினால், ஒரு பக்கத்துக் கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், எண்ணெய் பூசி ஜெபிக்க ஆள் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை ஆட்டோவைப் பிடியுங்கள். ஆட்டோவிலும் ஜெபம் பண்ணலாம். நாங்கள் அப்படித்தான் பண்ணிக்கொண்டு போனோம். ஓட்டியது ஒரு முஸ்லிம் பையன். அவனும் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டேதான் ஓட்டினான்.

அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஓர் ஊழியக்காரர் வந்தார். நல்ல மனுஷர்தான், பாசமாகத்தான் பேசினார். ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு காத்திருக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஊழியக்காரர்களிடம் எதிர்த்துப் பேசாத ஆள். அன்றைக்கு மட்டும், "ஐயா, பவுலே பிரியமான வைத்தியன்னு சொல்லி லூக்காவைக் கூட வச்சிருந்தாரே" என்றார். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனார். மாத்திரை தொடர்ந்தது.

அதன் பிறகு ராத்திரிகள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழே, குதிகாலில், எலும்பு முட்டும் இடமெல்லாம் புண் வந்துவிடும். வந்தால் ஆறுவது லேசில்லை. துவண்ட கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். சாய்த்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்குவார்கள், வெறும் தண்ணீர் புரையேறும். ஊட்டி முடித்ததும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. எல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை, காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் பத்து மணியும் பன்னிரண்டு மணியும் அவருக்கு, இரண்டு மணியும் நாலு மணியும் எனக்கு.

ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு அத்தைமேல் அன்பு இல்லை, ஆண்டவர்மேலும் அன்பு இல்லை. தூக்கம்தான் இருந்தது. "உன் முழு இருதயத்தோடும் உன் முழு ஆத்துமாவோடும் உன் முழு மனதோடும் உன் முழுப் பலத்தோடும்" என்று மாற்கு 12-ல் ஆண்டவர் சொன்னதை ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். அந்த நாலு முழுவில் அரைகூட என்னிடம் இல்லையே என்று ஒருநாள் ஐயரம்மாவிடம், அதாவது எங்கள் குருவானவர் மனைவியிடம், போய் அழுதேன். அவர்கள் கேட்டது இவ்வளவுதான்.

"அலாரம் அடிச்சா எழும்புதியா இல்லியா?"

"எழும்புதேன்மா."

"பொறவு என்னத்துக்கு அழுத? பிள்ளைக்குப் பால் குடுக்க எழும்புனப்ப மட்டும் சந்தோஷமாவா எழும்புன?"

அதற்கு மேல் வசனம் எதுவும் சொல்லவில்லை. பிளாஸ்கில் காப்பி ஊற்றிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அன்பு என்பதை ஆராதனையில் கண்ணீர் வருவதோடு சேர்த்தே யோசித்துப் பழகியிருந்தேன். கண்ணீர் வராத நாட்களில் முதுகு வலிக்க எழும்புவதும் ஆண்டவர் கணக்கில் அன்பாகத்தான் சேரும் என்று அதற்கப்புறம்தான் ஒரு நிம்மதி.

ஜெபத்தையும் சுருக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் நீளமாக ஜெபிக்க யாராலும் முடியாது. எரிகோ வழியில் குருடன் பர்திமேயு ஆண்டவரைப் பார்த்துக் கத்திய ஒரே வரி, "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." வலது பக்கம் புரட்டும்போது ஒருமுறை, இடது பக்கம் புரட்டும்போது ஒருமுறை. பைபிள் வாசிப்பும் அப்படித்தான். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் 1,189 அதிகாரமும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நானும் பல வருஷம் அதைச் செய்திருக்கிறேன். அந்த நாட்களில் விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம். அதிலும் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ம் சங்கீதத்தை எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஆண்டவரிடம் முறையிடுவதற்கென்றே அவர் புத்தகத்தில் வார்த்தை எழுதி வைத்திருக்கும்போது, "நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்று அவரிடமே நடிப்பானேன்? சோர்ந்திருக்கும் புதுத்தாய்மார்கள், ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள், நோயாளியை வைத்திருக்கிறவர்கள் வருஷத் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு குற்ற உணர்ச்சியில் சாகாதீர்கள். ஒரு சங்கீதம் போதும்.

இப்போது அத்தையின் பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். இடது பக்க மூளையில் அடைப்பு. அதனால் வலது கை கால் போனதோடு பேச்சும் போனது. நாம் பேசுவது ஓரளவு புரியும். ஆனால் "தண்ணி" என்று கேட்க வராது. பெற்ற மகன் பெயர் வராது. வாயைத் திறந்து, தேடி, கிடைக்காமல், இடது கையால் கட்டிலைத் தட்டுவார்கள். பார்க்கவே முடியாது.

ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போலக் குடும்ப ஜெபம். கடைசியில் என் பிள்ளைகள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார்கள். கட்டிலிலிருந்தும் ஒரு குரல். பெரியவள் நிறுத்திவிட்டாள், நானும் நிறுத்திவிட்டேன். அத்தை நிறுத்தவில்லை. "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக, உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று கொஞ்சம் குழறலோடு, வரிசை தப்பாமல், ஆமென் வரைக்கும் வந்தார்கள். முடித்ததும் நான், "அத்தை, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. சொந்தமாக யோசித்துப் பேசும் வார்த்தை வருகிற வழி வேறு. சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பதிந்த ஜெபம், பாட்டு, வாரத்தின் நாட்கள், ஒன்று இரண்டு எண்ணுவது, இதெல்லாம் வருகிற வழி வேறு. முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது பலருக்கு மிஞ்சியிருக்கும் என்றாள். கந்தசஷ்டி கவசம் சொல்லும் பாட்டிகளையும் அவள் பார்த்திருக்கிறாள். "திட்டுற வார்த்தையும் வரும்க்கா, பாருங்க" என்றாள். மறுவாரமே வந்தது. பூனை பால் சட்டியைத் தள்ளிவிட்டதும் கட்டிலிலிருந்து மணி மாதிரித் தெளிவாக, "சனியனே!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார்கள்.

சபையில் சிலர் இதை அற்புதம் என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. சனியனையும் சேர்த்துச் சொன்னால்தானே அது உண்மையான சாட்சி? எனக்கு அது வேறு விதத்தில் பெரிதாகப் பட்டது. அத்தை பள்ளிக்கூடம் அதிகம் போனவர்கள் இல்லை. ஆனால் எழுபது வயது வரைக்கும் காலையும் மாலையும் அந்த ஜெபத்தைச் சொன்னவர்கள். பல நாள் மனசு அதில் இருந்திருக்காது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள், கொட்டாவி விட்டுக்கொண்டு சொல்லியிருப்பார்கள். "உதட்டளவில் ஜெபம்" என்று நாம் கேலி செய்வோமே, அதில் பாதி அப்படித்தான் போயிருக்கும். எல்லாம் போன பிறகு கையில் மிஞ்சியது அதுதான். பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட மறக்கடித்த நோயால், "எங்கள் பிதாவே" என்று கூப்பிடுவதை எடுத்துப்போட முடியவில்லை. எனக்கு ரோமர் 8 அங்கேதான் விளங்கியது.

அதன் பிறகு வசன மனப்பாடத்தை எங்கள் வீட்டில் பிள்ளைகளோடு நிறுத்தவில்லை. பெரியவர்கள் நாங்களும் செய்கிறோம். "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்று 119-ம் சங்கீதத்தில் இருக்கிறதே, அதை நேரடியாக எடுத்துக்கொண்டோம். முறை ரொம்பச் சாதாரணம். ஒரு மாதத்துக்கு ஒரே பகுதி. அட்டையில் கையால் எழுதித் தையல் மெஷினுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டுவேன். மனசுக்குள் படிப்பதில்லை, வாய்விட்டுச் சொல்வோம். சாயங்கால ஜெபத்தில் அதையே எல்லோரும் சேர்ந்து. புரியாத சின்னப் பிள்ளைக்கும் உண்டு, புரிவது பிறகு நடக்கட்டும். போனில் வசனம் அனுப்புகிற செயலிகள் நல்லவைதான், ஆனால் வந்த வசனத்தைத் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகிற விரலுக்கு ஒன்றும் பதியாது.

சுவரில் ஒட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு நவம்பரில் அங்கே இருந்தது எபேசியர் 4:25. "பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்." தையல்காரி கண்ணுக்கு நேரே ஒட்டக் கூடிய வசனமா அது? கிறிஸ்துமஸ் சீசன் எங்களுக்குப் பொய் சீசன். வெட்டவே ஆரம்பிக்காத துணிக்கு, "ஹெம்மிங்தான் பாக்கி, ஹூக் வச்சா முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்போம். நாளைக்கு வந்தால் "கரண்ட் போயிருச்சு." மறுநாள் வந்தால் "ஓவர்லாக் அடிக்கக் குடுத்திருக்கேன்." தொழிலில் இருக்கும் யாரும் இதைப் பொய் என்று நினைப்பதே இல்லை. வாடிக்கையாளரும் நம்புவதில்லை. நாலு நாள் கூட்டியே கணக்கு வைத்துக்கொண்டு வருவார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய். ஆனால் மெஷினை மிதித்துக்கொண்டே வாய்விட்டு அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் அக்காவிடம் ஹெம்மிங் என்று ஆரம்பித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பொய்யை விடுவது மனசை இறுக்கிப் பிடித்தால் நடக்கிற காரியம் இல்லை. பொய் தேவைப்படாதபடி வேலையை மாற்றியமைக்க வேண்டும். துணி வாங்கும்போதே தேதியை நோட்டில் எழுதி, அவர்களையும் பார்க்க வைத்தேன். என்னால் எத்தனை முடியும் என்று எண்ணி, நவம்பர் பாதியிலேயே "இனி கிறிஸ்துமஸுக்கு முடியாது" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது, வருகிற காசை வாசலில் நின்று திருப்பி அனுப்புவது. தாமதமாகும் என்று தெரிந்தால் முந்தின நாளே போன் பண்ணிவிடுவேன். "இன்னும் வெட்டல. வியாழக்கிழமை தாரேன்." முதல் தடவை இப்படிச் சொன்னபோது எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இப்படி ஒரு தையல்காரியை அவர்கள் அதுவரை கண்டதில்லை போலிருக்கிறது. மிச்சத் துணியையும் சின்னத் துண்டு முதற்கொண்டு அதே பையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

இப்படிச் செய்ததும் ஆண்டவர் இரட்டிப்பாக ஆசீர்வதித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தக் கிறிஸ்துமஸில் வருமானம் குறைந்தது. சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள், அதில் பாதிப் பேர் திரும்பவில்லை. பிறகு ஓரளவு சரியானது. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் யாருக்கு என்ன சொல்லி வைத்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அது நின்றுபோனது. ஜெயம் என்று நான் பெயர் வைக்கக் கூடிய ஒன்று என் வாழ்க்கையில் உண்டென்றால் அதில் இது ஒன்று. மேடையில் ஏறிச் சொல்லக் கொஞ்சம் சின்னதுதான்.

மதினி விஷயத்தில் ஜெயம் அவ்வளவு சுத்தமாகக் கிடைக்கவில்லை. மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அத்தையின் செயினை ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்றிருந்தோம். மதினிக்கு அது மனசில் உறுத்தலாக இருந்திருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் நாலு பேர் நடுவில், "செயினும் போச்சு, வீடும் போகப்போகுது, பார்த்துக்கிடுறோம்னு சொல்லி எல்லாத்தையும் சுருட்டியாச்சு" என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. திருப்பிக் கொடுக்க வார்த்தை இருந்தது. நன்றாகவே இருந்தது. ஓய்வுநாள் பள்ளி டீச்சர் ஒப்பிக்க வைத்த நீதிமொழி குறுக்கே வந்தது. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்." மெதுவாகக்கூட என்னால் பேச முடியவில்லை, எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அதன் பிறகு, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறுகள் வந்தாலே சங்கடம். அயலாரோடு அன்பும் சமாதானமுமாக இருக்கிறவர்கள் வாருங்கள் என்ற அழைப்பு வரும்போது காலை எடுத்து வைக்க முடியாது. தப்பு என்பேரில் இல்லையே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். மத்தேயு 5-ல் ஆண்டவர் அந்த வழியையும் அடைத்து வைத்திருக்கிறார். உன் சகோதரன்பேரில் உனக்குக் குறை உண்டானால் என்று அவர் சொல்லவில்லை, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். நியாயம் யார் பக்கம் என்ற பேச்சே அங்கே இல்லை. தான் கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத தேவனை எப்படி நேசிப்பான் என்று யோவான் வேறு கேட்கிறார். ஆண்டவர்மேல் நான் வைத்திருக்கும் அன்பெல்லாம் கடைசியில் மதினி வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது.

செயின் விற்ற ரசீது, ஆஸ்பத்திரி பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரர், "கணக்குக் காட்டப் போறியா, பேசப் போறியா?" என்றார். ஃபைலை மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். அங்கே போய் நான் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை, செயினைப் பற்றியும் பேசவில்லை. "மதினி, எனக்கு முதுகு முடியல. வாரத்துல ஒருநாள் வந்து அத்தையைப் பார்த்துக்கிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர்கள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தார்கள். அத்தைக்குத் தலை சீவிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். சமாதானம் பேசப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். போய் உதவி கேளுங்கள். "உங்களை மன்னிச்சிட்டேன்" என்று போய் நின்றால் அங்கே இன்னொரு சண்டைதான் வரும்.

அத்தை போன பிறகு, நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், செயின் பேச்சு மறுபடி வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். இப்போது பண்டிகைக்குப் பலகாரம் போகிறது, வருகிறது. பேச்சு அளவோடுதான் இருக்கிறது. திருவிருந்துக்குப் போகிறேன்.

அத்தை கிடந்த நாட்களில் சிலர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "இவ்வளவு ஜெபிச்சும் ஏன் சுகமாகல? வீட்டுல ஏதும் பாவம் இருக்கா?" பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட அதே கேள்வி. இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் பதில் சொல்லி இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, கேள்வி மட்டும் வீடு வீடாக நடக்கிறது. நான் கூட்டிப்போக முடிந்தால் அவர்களை டோனாவூருக்குக் கூட்டிப்போவேன். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு வேனில் போயிருக்கிறேன். களக்காட்டுப் பக்கம், மலை அடிவாரம், அவ்வளவு குளிர்ச்சியான இடம். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் அங்கே வந்து, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்பிள்ளைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தவர். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. 1951-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில்தான். அவருக்காக ஜெபிக்க அங்கே ஆள் குறைவா? எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! சுகம் கிடைக்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்திருக்கிறார்கள். அதில் அம்மா என்ற பொருளில் ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது. விசுவாசம் குறைந்ததால்தான் அவருக்குச் சுகம் வரவில்லை என்று அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்காவது வாய் வருமா என்று பார்க்க எனக்கு ஆசை.

அத்தையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த இன்னொரு பழக்கம் கைப்பிடி அரிசி. உலையில் போட அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும், விற்ற காசு ஊழியத்துக்கு. படுக்கையில் விழுந்த பிறகும் அரிசி அளக்கும் சத்தம் கேட்டால் இடது கையை நீட்டி டப்பாவைக் காட்டுவார்கள். பணம் வந்தால் கொடுப்போம் என்று இருந்தால் கொடுக்கிற நாள் வராது. சோறு பொங்குகிற வீட்டில் தினமும் கொடுக்கலாம். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

கடைசியாக, நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பத்துப் பேராகப் போய் மூன்று பாட்டுப் பாடி, நீண்ட ஜெபம் பண்ணி, டீ குடித்துவிட்டு வராதீர்கள். அந்த டீயைப் போடுகிறவள் ராத்திரி தூங்காதவள். ஆரஞ்சுப் பழம் வேண்டாம், படுத்திருப்பவரால் விழுங்க முடியாது, வீட்டில் ஏற்கெனவே இரண்டு கூடை இருக்கும். குழம்பும் சோறுமாகத் தூக்குச்சட்டியில் கொண்டுபோங்கள். ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, "நீ போய்ப் படு, நான் ரெண்டு மணி நேரம் இங்க இருக்கேன்" என்று சொல்லுங்கள். எங்களுக்கு அப்படிச் சொன்னது ஐயரம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் மட்டும்தான். எதிர்வீட்டு அக்கா கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை, அம்மன் கொடைக்கு முளைப்பாரி எடுக்கிறவர்கள்.

இப்போது எங்கள் சங்கத்தில் இதற்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், எந்தக் கிழமை யார் போய் உட்காருவது என்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு. போகும்போது ஹெம்மிங் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன், அது எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். சனிக்கிழமைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. மதினியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.